புல்கா படுத்த இடம்

விஷ்னித்சியா
2003 மே 11

தம்பி தனாஸுக்கு,

இந்த ஊரில் நீ கட்டிய புது வீட்டுக்கென்று கேட்ட பூனை வந்துவிட்டது. ஆனால் நீ கேட்டபடி வரவில்லை. மூன்று நிறம் இருக்க வேண்டும், கடுவனாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். சந்தையில் கோழிக்குஞ்சு விற்கிற கலினாவிடம் சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "மூணு நெறத்துல கடுவனா? உன் தம்பி போர்ச்சுகல்ல வெயில்ல நின்னு நின்னு மண்டை காஞ்சு போச்சா, பரஸ்கா? மூணு நெறம்னா பெட்டைதான்டி" என்றாள். ஆகவே பெட்டை. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை. ஒரு காது மட்டும் யாரோ தேநீரில் முக்கி எடுத்த மாதிரி.

புது வீட்டுக்குள் குடிபோகிற மனிதன் கால் வைக்கும் முன் பூனை கால் வைக்க வேண்டும், அது எங்கே படுக்கிறதோ அங்கேதான் கட்டில் போட வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறாய். எனக்குத் தெரியாதா? நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று நீ அம்மா இடுப்பில் இருந்தாய். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். அது நேரே அடுப்போரம் போய்ச் சுருண்டது. கட்டில் இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. அதில்தான் நான் படுக்கிறேன்.

குட்டிக்குப் பெயர் புல்கா. வந்த அன்றைக்கு பன் ரொட்டி மாதிரி உருண்டையாக இருந்ததால் வைத்தேன். இப்போது உருண்டை போய்க் காலும் வாலுமாகிவிட்டது, பெயர் நின்றுவிட்டது. முதல் நாள் என் பாத்திரக் கடையில் ஜாடி மூடி அட்டைப்பெட்டிக்குள் புகுந்துகொண்டது. நான் தெரியாமல் பெட்டியை ஒரு அம்மாளுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள், மூடி கத்துகிறது என்று.

உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரியையும் படித்தேன். பூனைக் கதைக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதினால் என் கண்ணில் படாது என்று நினைத்தாயா? அப்பா விட்டுப்போன இந்த வீட்டை விற்கிற பேச்சுக்கு என் பதில்: கையெழுத்து கிடையாது.

போனில் இதைச் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். போர்ச்சுகலுக்கு வேன் ஓட்டுகிற வாசிலிடம் ஒரு பாட்டில் ஊறுகாய் வெள்ளரிக்காயும் கொடுத்திருக்கிறேன். அவன் வழியில் தின்னாமல் இருந்தால் உனக்கு.

அக்கா பரஸ்கா


செதூபல்
2003 ஜூன் 15

அக்கா,

வெள்ளரிக்காய் வந்தது. பாதி பாட்டில். வாசிலைக் கேட்டேன், பாட்டில் வழியில் குலுங்கியது என்கிறான்.

நீ கோபப்படாமல் படிக்க வேண்டும். வீட்டை வாங்கக் கேட்கிற கொஸ்தின் நல்ல ஆள். நம் வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டப்போகிறான். அவன் சொன்ன விலையை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பணம் வந்தால் என் புது வீட்டுக்குச் சுற்றுச்சுவரும் இரும்புக் கேட்டும் போட்டுவிடலாம். மாடியில் ஆற்றைப் பார்த்த அறை உனக்கு. அதை உனக்கென்றே கட்டினேன், ஸெனோவியாவைக் கேட்டுப் பார். பனிக்காலத்தில் வாளியும் சட்டியும் தூக்கிக்கொண்டு ஏன் அலைய வேண்டும்? உனக்கு ஐம்பத்தெட்டு. கடையை மூடிவிட்டு உட்கார். நானும் ஸெனோவியாவும் வருகிறவரை வீட்டைப் பார்த்துக்கொள். விளக்கைப் போடு, ஜன்னலைத் திற, அவ்வளவுதான்.

இங்கே நான் அடுத்தவனுக்கு வீடு கட்டுகிறேன். தினமும் ஒருவனுடைய சமையலறையில் ஓடு பதிக்கிறேன், சாயங்காலம் தகரக் கொட்டகைக்குப் போய்ப் படுக்கிறேன். ஸெனோவியா வேலை பார்க்கிற வீட்டிலேயே தங்குகிறாள், புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்துக்கொள்கிறோம். சொந்த வீடு அங்கே இருட்டில் நிற்கிறது என்று நினைத்தால் கையிலிருக்கிற ஓடு கோணிப் போகிறது.

அந்த வீட்டில் பாதி எனக்கும் உண்டு என்பதை மறந்துவிடாதே. இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

பூனையை நன்றாக வளர்த்துவை. டிசம்பரில் என் வீட்டுக்குள் விட வேண்டும், அதற்குள் பெரியதாகிவிட வேண்டும். சின்னக் குட்டி நுழைந்தால் பலிக்காது.

தனாஸ்


விஷ்னித்சியா
2003 ஜூலை 27

தனாஸ்,

வெள்ளரி சீசன். ஊறுகாய் போட ஊரே ஜாடி மூடி கேட்டு நிற்கிறது. மூச்சுவிட நேரமில்லை, இருந்தாலும் உனக்குப் பதில் எழுதாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாய்.

கடையை மூடிவிட்டு உட்கார் என்கிறாய். நான் எப்படி எழுந்தேன் என்பது உனக்குத் தெரியும்தானே? ஃபாக்டரியில் சம்பளத்துக்குப் பதிலாக ஜாடி மூடி கொடுத்தார்கள். மற்ற பெண்கள் கேட்டருகே நின்று அழுதார்கள். நான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். மூடி விற்ற காசில் சட்டி வாங்கினேன், சட்டி விற்று வாளி. பிறகு நம் முன்னறைச் சுவரை நானே உடைத்துத் தெருப்பக்கம் கதவு வைத்தேன். அப்போது நீ என்ன சொன்னாய்? "அக்கா, ஊர் சிரிக்கும்" என்றாய். ஊர் இப்போது வரிசையில் நிற்கிறது. அந்தக் கதவைக் கழற்றி உன் மாடி அறையில் மாட்டினால் யார் வருவார்கள், ஆறு வந்து வாளி வாங்குமா?

உன் கொஸ்தின் போன வாரம் அளக்க வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே முற்றத்தில் இறங்கி அளவு நாடாவை விரித்தான். அந்தப் பக்கம் நுனியைப் பிடிக்க ஆள் இல்லை, ஒரு கல்லை வைத்தான். புல்காவுக்கு நாடா என்றால் உயிர். கல்லைத் தள்ளிவிட்டு நுனியைக் கவ்விக்கொண்டு ஆப்பிள் மரத்தில் ஏறிவிட்டது. அவன் குனிந்து எண்ணைப் படித்துக்கொண்டே இருக்கிறான், முற்றம் மரத்து மேலே போய்க்கொண்டிருக்கிறது.

"உங்க பூனையப் பிடிங்க" என்றான்.

"அது என் தம்பியோட பூனை. போர்ச்சுகலுக்கு எழுதிக் கேளுங்க" என்றேன்.

"அம்மா, நான் விளையாட வரல."

"அது வந்திருக்கே."

தொப்பியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு மரமேறப் பார்த்தான். முக்கால்வாசி ஏறினான். அதற்குள் புல்கா இறங்கி வந்து தொப்பிக்குள் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தது மட்டுமில்லை. மீதியை எழுதவில்லை, கொஸ்தினே உனக்குச் சொல்லியிருப்பான். அவனுக்குப் புது வாளி ஒன்று காட்டினேன், தொப்பி அலச. வாங்காமல் போய்விட்டான்.

மற்றபடி புல்கா நன்றாக வளர்கிறது. கடையில் எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் அது உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் நான் பிரிக்க வேண்டும். பெரிய சட்டிக்குள் இறங்கிக் கத்துகிறது. தன் குரல் திரும்பி வருவதைக் கேட்டு இன்னும் பலமாகக் கத்துகிறது. எலிப்பொறி விற்கிற கடையில் பூனை வளர்க்கலாமா என்று கலினா கேட்கிறாள். வியாபாரம் கெடாது. புல்கா எலி பிடிப்பதில்லை, எலியைப் பார்த்து யோசிக்கிறது.

பாதி உனக்கு என்று எழுதினாய். எழுதக் கூடாது என்று நினைத்து எழுதினாய். எந்தப் பாதி? அடுப்பா, கதவா?

பரஸ்கா


செதூபல்
2003 செப்டம்பர் 7

அக்கா,

பூனை வளர்க்கச் சொன்னேன். ஆளை விரட்டச் சொல்லவில்லை. கொஸ்தின் போன் பண்ணி அரைமணி நேரம் கத்தினான். அந்தத் தொப்பி அவன் மாமனார் கொடுத்ததாம். குளிர்காலம் முடிவதற்குள் நீ கையெழுத்துப் போடாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வானாம்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். ஊரில் என் வீட்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? வாசில் சொன்னான். "கண்மூடி வீடு" என்கிறார்களாம். ஜன்னல் எல்லாம் எப்போதும் சாத்தியிருப்பதால். ஓக் மரத் தரை போட்டேன் அக்கா. படிக்கட்டுக்குக் கைப்பிடி நானே கடைந்தேன், போன விடுமுறை முழுக்க அதற்கே போனது. அதைத் தொட ஒரு கை கிடையாது. நீ போய் இருந்தால் என்ன குறைந்துவிடும்? உனக்கு அது பிடிக்கவில்லையா, இல்லை தம்பி கட்டியது என்பதால் பிடிக்கவில்லையா?

நீயும் நானும் பேசினால் தீராது. ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். நீயும் அம்மா மகள்தான், உனக்கும் பூனை மேல் நம்பிக்கை உண்டு. டிசம்பரில் புல்காவை என் வீட்டுக்குள் விடு. அது எந்த இடத்திலாவது படுத்தால், அங்கே உன் கட்டிலைப் போட்டுக்கொண்டு கையெழுத்தும் போடு. படுக்காமல் திரும்பி வந்தால், விற்கிற பேச்சை நான் இனி எடுக்க மாட்டேன். அம்மா மேல் ஆணை.

தனாஸ்


விஷ்னித்சியா
2003 அக்டோபர் 12

தனாஸ்,

சரி. ஒத்துக்கொண்டேன்.

உடனே ஒத்துக்கொண்டதால் சந்தேகப்படுவாய். சந்தேகப்படு. வியாபாரியின் தம்பிதானே.

ஆமாம், கண்மூடி வீடு என்றுதான் சொல்கிறார்கள். நேராகக் கேட்டாய், நேராகச் சொன்னேன். ஆனால் ஜன்னலைச் சாத்தியது நானல்ல.

புல்கா இப்போது ஒல்லியாக, நீளமாக, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண் மாதிரி எல்லாவற்றையும் முறைத்துப் பார்க்கிறது. கதவுப்பிடியில் தொங்கித் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. சாத்த இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. காலையில் நான் கடை திறப்பதற்குள் அது திறந்துவிடுகிறது. கலினா வீட்டில் இறைச்சிக்குப் புகைபோடுகிற கொட்டகைக்குள் போய்விட்டு வந்து இரண்டு நாள் தொத்திறைச்சி வாசனையோடு திரிந்தது. தெரு நாய் எல்லாம் எங்கள் வாசலில் மரியாதையாக உட்கார்ந்திருந்தன. அடுப்பு மூட்டினால் எங்கிருந்தாலும் வந்துவிடும். அடுப்புக்கும் என் கட்டிலுக்கும் நடுவில், தலையை என் செருப்பில் வைத்துக்கொண்டு தூங்கும்.

உன் நிபந்தனைகளை எழுதி அனுப்பு. பிறகு நான் ஏமாற்றினேன் என்று சொல்லக் கூடாது.

பரஸ்கா


செதூபல்
2003 நவம்பர் 9

அக்கா,

பாய்லரை முந்தின நாளே மூட்டிவிடு. குளிர்ந்த வீட்டில் எந்தப் பூனையும் படுக்காது, அதை நீ கணக்குப் போட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வயிறு நிறையத் தீனி கொடுத்துக் கூட்டிப் போ. எல்லா அறைக் கதவும் திறந்திருக்கட்டும். நீ கூப்பிடக் கூடாது, தூக்கக் கூடாது. கலினா சாட்சிக்கு வரட்டும், அவள் உன் தோழிதான், ஆனால் பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

மாடி அறையில் ஜன்னலோரம் வெயில் விழும். அங்கேதான் படுக்கும் பார்.

தனாஸ்

ஸெனோவியா கேட்கச் சொன்னாள்: புல்காவைக் கையால் தொட்டால் சும்மா இருக்குமா, கீறுமா?


விஷ்னித்சியா
2003 டிசம்பர் 14

தனாஸ்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கலினா பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காது வெளுப்பாகத்தான் இருக்கிறது.

பாய்லரை முந்தின நாளே மூட்டினேன். வீடு ரொட்டிக் கடை மாதிரி கதகதத்தது. புல்காவுக்குப் புளித்த பாலேடு ஒரு கிண்ணம் கொடுத்தேன். கூடையில் வைத்துக் கொண்டுபோய் வாசற்படியில் திறந்துவிட்டேன். கூப்பிடவில்லை, தள்ளவில்லை. அது முன்னங்காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது, வீடு வாங்க வந்தவள் மாதிரி. அதன் பின்னால்தான் நாங்கள் நுழைந்தோம்.

உள்ளே வெக்கை. ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றினேன். எங்கே மாட்டுவது? தேடினேன். ஓக் தரை இருக்கிறது, கடைந்த கைப்பிடி இருக்கிறது, விளக்குத் தொங்க வளையம் இருக்கிறது. கோட்டு மாட்ட ஒரு ஆணி இல்லை. வீடு முழுக்க இல்லை, கலினாவும் சேர்ந்துதான் தேடினாள். "இந்த வீட்டுக்கு யாரும் வரப்போறதில்லைன்னு கட்டும்போதே முடிவு பண்ணிட்டானா?" என்றாள். கோட்டைக் கதவருகே தரையில் போட்டேன்.

புல்கா ஒவ்வொரு அறையாகப் போனது. சமையலறை ஓடுகளை மோந்தது. குளியலறைத் தொட்டிக்குள் இறங்கிக் கத்திப் பார்த்தது, குரல் நன்றாகத் திரும்பி வந்தது. படியேறியது. உன் கைப்பிடியில் கன்னத்தை நெடுக உரசிக்கொண்டே ஏறியது. அதையும் எழுதச் சொல்கிறாள் கலினா, எழுதிவிட்டேன். மாடி அறையில் வெயில் விழுந்திருந்தது, நீ சொன்னபடியே. அதில் போய் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன் என்பதை மறைக்க மாட்டேன். நின்று, ஆற்றைப் பார்த்து, ஒரு கொட்டாவி விட்டு, இறங்கி வந்துவிட்டது.

வந்து என் கோட்டின் மேல் ஏறியது. மிதித்து மிதித்துப் பள்ளம் பண்ணிச் சுருண்டு படுத்தது. நாங்கள் கிளம்புகிறவரை எழுந்திருக்கவில்லை.

ஆக, உன் வீட்டுக்குள்தான் படுத்தது. உன் வார்த்தைப்படி நீ ஜெயித்தாய். படுக்கவேயில்லை என்று நான் எழுதியிருக்கலாம். கலினாவின் காதை முக்காட்டால் மூடினால் போதும். ஆனால் கள்ளத் தராசு வைத்து நான் இதுவரை பிழைத்ததில்லை, உன்னிடம் ஆரம்பிக்கப் போவதும் இல்லை.

இப்போது என் வார்த்தையைக் கேள். கையெழுத்துப் போட மாட்டேன். புல்கா உன் தலையணையிலேயே படுத்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். உன் வாயைக் கொஞ்ச நாள் அடைக்கத்தான் சரி என்றேன். அந்த மட்டில் என் நாணயம் குறைவுதான், திட்டிக்கொள். பூனை சொன்னது என்று வீட்டையும் கடையையும் விட்டுக் கிளம்புகிறவளாக இருந்தால் அன்றைக்கே ஃபாக்டரி கேட்டில் நின்று அழுதிருப்பேன். உன் பாதியைக் கொஸ்தினுக்கு விற்க வேண்டுமானால் வில். அவன் சுவரை இடிக்க வரும்போது நான் இந்தப் பக்கம் வாளி விற்றுக்கொண்டிருப்பேன். தூசி பட்ட வாளிக்கு விலை குறைக்க மாட்டேன்.

நீ கேட்டாயே, வீடு பிடிக்கவில்லையா, தம்பி கட்டியது என்பதால் பிடிக்கவில்லையா என்று. வீடு நல்ல வீடு. அந்தக் கைப்பிடியை நானும் தொட்டுப் பார்த்தேன். ஆனால் அது காவலுக்கு ஆளைத்தான் தேடுகிறது, என்னை அல்ல. அந்த வேலைக்கு ஆள் வேண்டுமானால் நீயே வா.

ஸெனோவியாவிடம் சொல்: தொட்டால் சும்மா இருக்கும். தூக்கினால் கீறும்.

பரஸ்கா


செதூபல்
2004 ஜனவரி 4

அக்கா,

உன் கடிதத்தை ஸெனோவியா சத்தமாகப் படித்தாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்ற இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவள் நிறுத்தாமல் தனியாகப் படித்தாள். திரும்பி வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ இங்க எத்தன வீட்டுல கோட்டு மாட்டி அடிச்சிருக்க?"

எண்ணத் தொடங்கினேன். வாசல் கதவுக்கு வலப்பக்கம், தோள் உயரத்தில். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். நம் வீட்டில் மறந்துபோனது.

பூனை சொன்னது சரிதான் என்றாள் ஸெனோவியா, வீட்டில் படுக்கவில்லை, ஆள் மேல் படுத்தது என்று.

கொஸ்தினுக்குப் போன் பண்ணி இல்லை என்று சொல்லிவிட்டேன். முதலில் கத்தினான், பிறகு தொப்பியைப் பற்றிப் பேசினான். உன் நாணயம் குறைவு என்று நீயே எழுதிவிட்டாய், அதனால் நான் திட்டவில்லை. திட்ட வேண்டும் போலத்தான் இருக்கிறது. நீ அம்மாவை விட மோசம்.

சுற்றுச்சுவர் இல்லாமலே வருகிறோம். ஈஸ்டருக்கு. விடுமுறைக்கா, ஒரேயடியாகவா என்று இன்னும் முடிவாகவில்லை, கேட்காதே. புல்கா ஏற்கனவே உள்ளே போய்விட்டதால் நாங்கள் நேரே நுழையலாம் இல்லையா? அதை அதுவரை அந்த வீட்டிலேயே விட்டுவைத்தால் என்ன? வீடு பழகியிருக்கும். நான் கேட்டு வாங்கிய பூனைதானே.

தனாஸ்


விஷ்னித்சியா
2004 ஜனவரி 18

தம்பி,

பூனையும் கிடையாது. கேட்டது நீ, வளர்த்தது நான். அது இப்போது என் கடைக்காரி. அது பெட்டியைப் பார்க்காமல் நான் சரக்கு இறக்குவதில்லை.

கொஸ்தின் நேற்று வந்தான். பழைய கோபத்தோடு வாசலில் நின்றான். பிறகு ஒரு சட்டி வாங்கினான். பேரம் பேசினான், நான் இறங்கவில்லை, வாங்கிக்கொண்டு போனான். தொப்பியைக் கடைசி வரை கழற்றவே இல்லை.

நீங்கள் நேரே நுழையலாம். வருகிற அன்று பாய்லரை மூட்டி வைக்கிறேன், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைக்கிறேன், ஊர் பார்க்கட்டும். அதற்கு முந்தின நாளோ பிந்தின நாளோ அல்ல, அன்றைக்கு மட்டும்.

கோட்டு மாட்டி அங்கிருந்து வாங்கி வராதே. என் கடையில் இருக்கிறது, கெட்டி இரும்பு. தம்பி என்று தள்ளுபடி கிடையாது. இரண்டு வாங்கிக்கொள், உனக்கு ஒன்று, ஸெனோவியாவுக்கு ஒன்று. எனக்கு வேண்டாம். நான் வந்தால் கோட்டைத் தரையில்தான் போடுவேன். புல்கா கூட வரும், அதற்குப் படுக்க இடம் வேண்டுமே.

அக்கா